ராணியம்மாள் பேர்ல ஒரு கணக்கு

மொதல்ல அந்த நாற்காலிய நெழலுக்கா இழுத்துப் போட்டு ஒக்காருங்க அண்ணி. கார்ல மலை ஏறி வந்தா கொஞ்ச நேரம் தல சுத்தும். அண்ணன் வரலியா? கீழ ரோட்டுலயே காருக்குள்ள இருக்காரா? சரி, இருக்கட்டும். சம்பந்தி வூட்டுக்கு வந்துட்டு வாசப்படி மிதிக்காம ஒக்காந்திருக்காரு, அவரு இஷ்டம். தோ, தண்ணி குடிங்க.

இன்னா கேட்டீங்க? ஆமா, உண்மதான். லிஸ்பன்ல பேங்குல எம் பேர்ல ஒரு அக்கவுண்ட்டு இருக்குது. மாப்பிள்ள சொன்னாரா? அவருக்கு யாரு சொன்னது? ஓ, அவரு கூட வேல செய்யற பையன் பேங்க் வாசல்ல என்னப் பாத்தானாமா. பாத்திருப்பான். அந்த ஊர்ல பொடவ கட்டிகினு நடந்தா எல்லாருந்தான் பாப்பாங்க. அத இன்னாத்துக்குத் தொறந்தேன்னு என்னக் கேட்டுகினு வரச் சொல்லி உங்கள அனுப்பினாராக்கும். எனக்கே ஒரு போன் போட்டிருக்கலாம். செங்கத்துலேர்ந்து உங்கள இம்மாந்தூரம் இழுத்தடிக்கணுமா?

இல்ல இல்ல, கோவம்லாம் இல்ல. சொல்றேன். டீ போடட்டுமா? பால் இல்ல, வரடீதான். வேணாமா? சரி.

நான் ஏதோ ஊர் சுத்தப் போனேன்னு நெனைக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததா. நம்ம பேத்தி பாப்பாவப் பாத்துக்க ஆளில்லன்னு மாப்பிள்ளதான் கூப்ட்டாரு. நானும் அப்பதான் ரிட்டயர் ஆயிருந்தேன். எங்க வூட்டுக்காரரு செத்ததுக்கு அப்பால இந்த வூட்ல தனியா இன்னா பண்றதுன்னு கெளம்பிட்டேன். மருமவன் மேல கொற சொல்ல மாட்டேன், விசா, டிக்கெட்டு, அந்த ஊரு வரி நம்பரு, நம்ம பான் கார்டு மாதிரி ஒண்ணு, எல்லாத்தையும் அவருதான் எடுத்துக் குடுத்தாரு. ஊரும் எனக்குப் புடிச்சிதான் இருந்துச்சு. எங்க பாத்தாலும் மேடும் பள்ளமும். அங்க இருக்கற வயசானவங்க மூச்சு வாங்கி நிப்பாங்க, நான் பாப்பாவ இடுப்புல வெச்சிகினு குடுகுடுன்னு ஏறிடுவேன். முப்பது வருசத்துக்கு மேல ஊசிப் பெட்டியத் தூக்கிகினு இந்த மலையில ஊரு ஊரா நடந்த காலு, அது இன்னா ஏத்தம்?

அப்பறம்தான் பேங்க் நெனப்பு வந்துச்சு. எப்பிடி வந்துச்சுன்னா... அத அப்பால சொல்றேன்.

பாப்பாவ ஸ்கூல்ல வுட்டுட்டு ஒரு நாளு தனியாத்தான் போனேன். உள்ள ஒரு பொண்ணு, எம் பொண்ணு அபிநயா வயசுதான் இருக்கும், முடிய ஒட்ட வெட்டிகினு இருந்துச்சு. பாஸ்போர்ட்டக் காட்டி எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல அக்கவுண்ட் வேணும்னேன். சிரிச்சிகினேதான் பேசிச்சு. ஆனா நீங்க இந்த ஊர்ல எங்க இருக்கீங்க, அதுக்கு இன்னா ஆதாரம்னு கேட்டுச்சு. கரண்ட்டு பில்லு, வாடக பத்திரம், ஏதாவது ஒண்ணு எம் பேர்ல வேணுமாம். எல்லாம் மாப்பிள்ள பேர்லதானே இருக்குது. அப்ப அவர ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. சரிம்மான்னு எழுந்து வந்துட்டேன்.

ஏன் அவர்கிட்ட கேக்கலியா? கேக்கல அண்ணி. வேலையா இருந்தாரு.

அந்தத் தெருவுல ஹன்சாபென்னுன்னு ஒரு குஜராத்தி அம்மா மளிகக் கட வெச்சிருக்குது. பொறந்ததே ஆப்பிரிக்காவாம், சின்ன வயசுலயே இங்க வந்துட்டாங்களாம். நம்ம பருப்பு, புளி எல்லாம் அங்கதான் கெடைக்கும். அந்தம்மாகிட்ட மொல்லமா கேட்டேன். அதுக்கு அவங்க, பில்லு இல்லன்னா வார்டு ஆபீசுக்குப் போலாம், அந்த ஏரியாவுல ஓட்டு இருக்கற ரெண்டு பேரு வந்து, ஆமா, இந்தம்மா இங்கதான் குடியிருக்குதுன்னு சொன்னா ஒரு சர்ட்டிபிகேட் தருவாங்கன்னு சொன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. நம்ம வி.ஏ.ஓ. ஆபீசு கதைதான். இது எனக்குத் தெரியாத வேல இல்ல.

ஒரு சாட்சி ஹன்சாபென்னு. இன்னொண்ணுக்கு எங்க போறதுன்னு யோசிச்சிகினு இருக்கறப்ப, எங்க மேல் மாடியில இருக்கற லூர்தம்மா, அந்த ஊர்க்காரங்கதான், எழுவது எழுவத்தஞ்சி வயசு இருக்கும், கம்பு ஊனித்தான் நடக்கும், அது படியில எறங்கி வந்துச்சு. அதுக்கு எம் பாஷ தெரியாது, எனக்கு அது பாஷ தெரியாது. ஹன்சாபென்னு அதுகிட்ட என்னமோ சொன்னாங்க. அந்தம்மா எதுக்கு, இன்னான்னு ஒரு கேள்வி கேக்கல. உள்ள போயி கோட்டு மாட்டிகினு வந்து என் கையப் புடிச்சி நடன்னுச்சு. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

மறுபடி பேங்குக்குப் போனேன். இந்தத் தடவ ஹன்சாபென்னு கடையச் சாத்திட்டு கூடவே வந்தாங்க. அன்னிக்குக் கேட்ட கேள்வி இருக்குதே, பேஜாரு. சொந்த ஊரு அட்ரஸ் கேட்டாங்க. தெரு பேரு இன்னா, கதவு நம்பர் இன்னான்னா நான் எங்க போவேன்? எங்க ஊருல தெருவே கெடையாதும்மா, மொத்தமா ஊரு ஒண்ணுதான்னேன். அந்தப் பொண்ணு அந்தக் கட்டத்துல இன்னா எழுதறதுன்னு கொஞ்ச நேரம் பாத்துகினே இருந்துச்சு. எம் பேர ரானியமால், ரானியமால்னு சொல்லிப் பாத்துச்சு. காசு எங்கேர்ந்து வரும்னு கேட்டுச்சு. கவர்மென்ட் நர்சு, பென்ஷன் வருதுன்னு ஆர்டரக் காட்டினேன். எவ்ளோ பெரிய பேப்பர் அது, நம்ம கவர்மென்ட் சீலு குத்தினது, அத ரெண்டு கையாலயும் புடிச்சிப் படிச்சிச்சு.

அப்பறம் கொரல எறக்கிகினு ஒண்ணு கேட்டுச்சு அண்ணி. இந்த அக்கவுண்ட்டத் தொறக்கச் சொல்லி யாராவது உங்கள மெரட்டறாங்களான்னு. வயசானவங்க வந்தா அப்பிடிக் கேட்டே ஆவணுமாம், ஏமாத்தறவங்க நெறைய பேரு இருக்காங்களாம். ஹன்சாபென்னு அத எனக்குச் சொல்லும்போது அவங்க மொகமே மாறிப் போச்சு. இல்லம்மா, என்ன யாரும் மெரட்டலன்னேன். என்ன யாரும் மெரட்டல, அது நெசந்தானே.

கடைசியா, நீங்க இங்க வந்து போறவங்களா, இல்ல நெரந்தரமா இருக்கப் போறீங்களான்னுச்சு. அந்தக் கேள்விதான் எனக்குக் கஷ்டம். இந்த மலைய வுட்டு வேலூரு ஆஸ்பத்திரிக்குப் போனாலே ராத்திரிக்குத் திரும்பிடணும்னு பறக்கறவ நான். சாமக் கொல்ல இருக்குது, புளிய மரம் இருக்குது, அவரப் பொதச்ச எடம் இருக்குது. நெரந்தரம்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து ஒரு பெஞ்சில ஒக்காந்துட்டேன்.

கார்டு வூட்டுக்கு போஸ்ட்டுல வரும்னாங்க. வேணாம், நானே வந்து வாங்கிக்கறேன்னுட்டேன். போனுக்கு நம்பர் வருமாம், அதுக்குத் தனியா ஒரு சிம்மு வாங்கி அத அரிசி டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன்.

ஏன் ஒளிச்சு வெக்கணும்னுதானே பாக்கறீங்க. மாப்பிள்ள காச நான் எடுத்துப் போட்டுக்கினேன்னு சொன்னாரா? ஒரு காசு இல்ல அண்ணி. எல்லாம் என் ரிட்டயர்மென்ட் காசு. சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்.

அந்த ஊர்ல அக்கவுண்ட்டு இருந்தாத்தான் வாடகைக்கு வூடு குடுப்பாங்க. அதுக்குத்தான்.

எந்த வூடா? அபிநயாவும் பாப்பாவும் இருக்கற வூடுதான். உங்க புள்ள சொல்லலியா? அவங்க ரெண்டு பேரும் இப்ப உங்க புள்ளகூட இல்ல அண்ணி. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே போயாச்சு.

அதான. உங்ககிட்ட அத சொல்ல மாட்டாரு. அக்கவுண்ட்ட மட்டும் விசாரிச்சிகினு வரச் சொல்லுவாரு. அத வெச்சி வூடு எங்கன்னு கண்டுபுடிச்சிடலாம்னு.

போன புதுசுல எனக்கும் ஒண்ணும் தெரில. வெயில் காலத்துல அபிநயா முழுக்கைச் சட்ட போட்டுகினு இருந்தா, கேட்டதுக்கு ஆபீசுல ஏசி குளிருதும்மான்னா. ஒரு சனிக்கெழம தலைக்கு எண்ண வெக்கறேன்னு ஒக்கார வெச்சேன். காதுக்குப் பின்னால கை பட்டதும் சுருண்டுகிச்சு. வீங்கிப் போயி கன்னிப் போயிருந்துச்சு. இன்னாடின்னேன். கதவு இடிச்சிச்சும்மான்னா. இந்த மலையில எத்தன பொம்பளைங்க என்கிட்ட வந்து கதவு இடிச்சிச்சு நர்சம்மான்னு சொல்லியிருக்காங்க. மருந்து போட்டு அனுப்பியிருக்கேன். எம் பொண்ணு வாயிலேர்ந்து அதே வார்த்த வரும்னு நெனைக்கல.

அதகூட நான் எப்பிடியோ தாங்கிகினேன். பாப்பாவதான் முடில. அது வெளையாடிகினே இருக்கும், வெளிய கதவுல சாவி போடற சத்தம் கேக்கும். ஒடனே பொம்ம எல்லாத்தையும் சத்தம் வராம ஒண்ணொண்ணா எடுத்துப் பெட்டியில வெச்சி மூடிட்டு, சொவத்து ஓரமாப் போயி நின்னுக்கும். மூணு வயசு அண்ணி. அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

அபிநயாவுக்கு அக்கவுண்ட்டு இல்லியான்னா இருக்குது. அது உங்க புள்ள போன்ல இருக்குது. ஒரு பன்னு வாங்கினாலும் அவருக்கு மணியடிக்கும். அவ போன தெனம் பாப்பாரு. என் போன யாரு பாப்பாங்க? மலைக்காரக் கெழவி, பருப்பு கடயத் தவிர இன்னா தெரியும்னு வுட்டுட்டாரு. மேல் மாடி லூர்தம்மாவுக்கு எல்லாமே கேட்டுகினுதான் இருந்திருக்குது. அதான் ஒரு கேள்வி கேக்காம கோட்ட மாட்டிகினு வந்துச்சு.

அவரு ஆபீஸ் போனதுக்கு அப்பால, பட்டப் பகல்ல, ரெண்டு பையோட பாப்பாவத் தூக்கிகினு எறங்கினோம். அவ்ளோதான். சண்ட இல்ல, கூச்சல் இல்ல. அந்த ஊரு போலீசுலயும் எழுதிக் குடுத்தாச்சு. எந்த ஏரியான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நான் இந்த வூட்டையும் கொல்லையையும் எங்க அண்ணன் மவன்கிட்ட ஒப்படைக்கத்தான் வந்தேன். அடுத்த வாரம் கெளம்பறேன். இனிமே இங்க வர்றது எப்பவோ, தெரில. சொல்லிட்டேனே, நெரந்தரம்னு.

இன்னா அண்ணி? எம் புள்ள அப்பிடியெல்லாம் செய்ய மாட்டான், உம் பொண்ணு வாய்தான் காரணம்னு ஏதாவது திட்டுவீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆச்சரியங்கூட படலியே நீங்க.

ஓ.

அண்ணி, இங்க பாருங்க. உங்க புள்ள சின்னவனா இருந்தப்ப, உங்க வூட்ல சாவி சத்தம் கேட்டா அவனும் சொவத்து ஓரமா நிப்பானா? ... சரி, சொல்ல வேணாம். வுடுங்க. கண்ணத் தொடைங்க.

அண்ணன்தான் ஹாரன் அடிக்கறாரு. அடிக்கட்டும். அவர்கிட்ட இன்னா வேணா சொல்லிக்கங்க. பென்ஷனுக்காகத் தொறந்தாளாம், வேற ஒண்ணும் வாயத் தொறக்கலன்னு சொல்லுங்க. இல்ல நடந்தத அப்பிடியே சொல்லுங்க. உங்கள நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

இன்னா? காதுல வுழுல, ஹாரன் சத்தத்துல. இன்னொரு வாட்டி சொல்லுங்க.

உங்களுக்கா?

அதுக்கு எதுக்கு அண்ணி லிஸ்பன்? தோ, ஜமுனாமரத்தூர்லயே தொறக்கலாம். உங்கள யாரும் எந்த நாடுன்னு கேக்க மாட்டாங்க. சாட்சி வேணாம், ஒண்ணும் வேணாம். ஆதாரும் ரெண்டு போட்டோவும் இருந்தாப் போதும், நான் கூட வர்றேன். ஆதாரு எங்க வெச்சிருக்கீங்க?

அண்ணன் பர்ஸ்லயா.

சரி, அது அங்கயே இருக்கட்டும். ஆதாரு சென்டர்ல போயி நம்பர் தெரிலன்னு சொல்லி வெரல வெச்சா வேற எடுத்துக் குடுப்பாங்க. வெரலு உங்களுதுதானே அண்ணி.