கண்ணாடிப் புட்டியில் இருந்த கட்டி

மேற்கண்ட முகவரியில் கணவருடனும் மாமியாருடனும் வசித்து வருகிறேன். வயது நாற்பத்திரண்டு. பள்ளி வேன் ஓட்டுகிறேன். சில வருடங்களாக என் வலது குதிகாலில் ஆணி அடித்தது போன்ற வலி இருந்து வந்தது. காலில் ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர். என் மாமியார்தான் விடாமல் வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே எடுத்த ஸ்கேனில், இடுப்புக்குழிக்குள் காலுக்குப் போகும் நரம்பின் உறையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி இருப்பது தெரிந்தது. அபூர்வமானது, ஆனால் புற்றுநோய் அல்ல என்றனர். அதன் பின்னர் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, நரம்பு அறுபடாமல் கட்டியை மட்டும் உரித்தெடுத்தனர். கண் விழித்ததும் வலி இல்லை. காலை ஆட்டி ஆட்டிப் பார்த்து அழுதேன்.

மறுநாள் காலை படுக்கையில் இருந்தபோது குதிகாலைக் கத்தி நறுக்கியது போலிருந்தது. பார்த்தால் கீறல்கூட இல்லை. நரம்புக்குப் பழைய ஞாபகம் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று மருத்துவர் சொன்னார்.

அதன் பின்னர் வீடு திரும்பி, நேற்று முன்தினம் கட்டியைச் சோதித்த முடிவை வாங்கப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். என் கட்டியில் ஒரு துண்டை, ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில்தான் அறுத்ததாக அங்கிருந்த உதவியாளர் பேச்சுவாக்கில் சொன்னார். மீதியைப் புட்டியோடு எடுத்துக் காட்டி, "இவருதாம்மா உங்க குடித்தனக்காரர், ஒருவழியா காலி பண்ணிட்டாரு" என்று சிரித்தபடி குலுக்கினார். என் கால் செருப்போடு தரையில் உதறியது. கீழே வைக்கச் சொல்லியும் அவர் விளையாட்டாக மறுபடி குலுக்கியதால் பிடுங்கினேன். அவர் மேசையில் மோதி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அவர்மேல் எனக்குப் பகை கிடையாது.

அதன் பின்னர் வேனில் காத்திருந்த கணவர் கையில் என்ன என்று கேட்டார். "என்னோடதுதான்" என்றேன். அவர் வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கட்டியைத் துணியில் சுற்றிப் புதைத்தோம். அன்றிலிருந்து குதிகால் குளிர்ச்சியாக, நிம்மதியாக இருந்தது.

இன்று, உதவியாளர் கொடுத்த புகாரின் பேரில் எங்களை வரச்சொன்ன காவல் நிலையத்தில் என் கணவர் அந்த இடத்தைச் சொல்லவே, எடுத்துவரக் காவலர் ஒருவர் அனுப்பப்பட்டார். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குதிகாலின் மேல் மண் சரிவது தெரிந்தது. "ஐயா, அவர நிறுத்தச் சொல்லுங்க. மண்வெட்டி கிட்ட வந்துருச்சு" என்றேன். ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே கையொப்பமிட்டேன்.