தண்ணி ஊத்தியாச்சா, அங்கிள்?

தொட்டிச் செடியைப் பற்றி, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, புனிதா அக்கா. நீங்கள் போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இது தேவைப்படுகிறது.

"நீ தினமும் பாக்குறவன் பிரவின். அப்பாவுக்கு இந்த மறதி எப்ப இருந்து?" என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தேதியே தெரியும். மார்ச் மூன்று, திங்கட்கிழமை, மாலை ஆறேகால்.

முதலில் செடி. வீட்டில் புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் அதைக் கொல்வது வெயிலாலும் இல்லை, பூச்சியாலும் இல்லை. தண்ணீரால்தான். பாசம் அதிகமாகி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் இலை வாடும். பாவம், தாகம் போல என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். வெளியாள் ஒருவர் இதில் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு.

இனி காரணம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் மூன்றாம் மாடியில், எங்கள் வாசலை ஒட்டி, அம்மா பதினொரு வருடம் செடி வைத்திருந்தார். பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை, மைலோ டின்னில் புதினா, உடைந்த குளிர்பெட்டியில் பாண்டான். அமுதவள்ளி என்ற பெயர் எங்கள் மாடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் கருவேப்பில ஆன்டி. யாரும் கேட்காமல் வந்து கிள்ளிக்கொண்டு போகலாம். உங்கள் அப்பாவும் ஞாயிறுதோறும் ரசத்துக்குக் கிள்ளியவர்தான்.

ஜனவரியில் பக்கத்து புளோக்கில் இரண்டு பேருக்கு டெங்கி வந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பக்கிரிசாமி கையெழுத்தோடு லிப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். காரிடாரில் தொட்டிகள் வைக்கக் கூடாது. அந்தச் சனிக்கிழமை தொட்டிகளை அள்ளிப்போக லோரி வந்தது. அம்மா கிரில் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். மறுநாள் பாசாரில் கறிவேப்பிலை வாங்கி வந்து, பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் மேசையில் வைத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதிருந்தால் நான் அன்றோடு மறந்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து உங்கள் அப்பா தன் பால்கனியில் தோட்டம் போட்டார். கடைசி வீடு, அவருக்கு மட்டும்தான் பால்கனி உண்டு. தக்காளி, கத்தரி, காங்கோங் கீரை, நடுவில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. சட்டப்படி தவறில்லை. நோட்டீஸை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பால்கனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அதோடு நிற்காமல் அவர் கன்றிடம் பேசவும் ஆரம்பித்தார். "என்னம்மா, சாப்டியா? வெயில் ஜாஸ்தியா?" எங்கள் கல்லூரி இதழில் நான் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பு, 'செடியிடம் நலம் விசாரிப்போர் சங்கம்'. உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா. கூட்டம் தினமும் நடக்கும். எதிர்த் தரப்பு வாய் திறக்காததால் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறும். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அப்பாவும் படித்தார்.

"நல்லாதான் எழுதுற தம்பி," என்றார். "ஆனா அது பதில் சொல்லுது லா. ஒனக்குத்தான் கேக்கல."

மார்ச் மூன்றாம் தேதி கல்லூரி முடிந்து படியேறி வந்தேன். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி ஊத்தியாச்சா, அங்கிள்?"

அவ்வளவுதான். சாப்டாச்சா என்று கேட்பதைப் போலத்தான். அப்படிக் கேட்டதற்காக இதுவரை யாரையும் கைது செய்ததில்லை.

"காலையிலயே ஆச்சுப்பா."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு, கன்றை ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு அவரும் பார்த்தார்.

மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். முதல் வாரம் "ஊத்திட்டேன்" என்றார். இரண்டாவது வாரம் "ஊத்தினேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். 'நினைக்கிறேன்' வந்தபிறகு எனக்கு வேலை சுலபமானது. நான் வீட்டுக்குள் போய்ச் சட்டை மாற்றுவதற்குள் அவர் பால்கனியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும்.

விரல் விஷயத்தில் மட்டும் சின்னச் சிக்கல் வந்தது. மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பார், ஈரமாக இருந்தால் ஊற்றாதே என்று யாரோ யூடியூபில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரியான அறிவுரைதான்.

"உள்ள ஈரமா இருக்கே தம்பி?"

"அது மேல் ஈரம் அங்கிள். நேத்து சாரல் அடிச்சதுல்ல."

முப்பத்திரண்டு வருடம் ரயில் நேரத்தைக் குறித்து வைத்தவர். தன் விரலைவிட என்னை நம்பினார். தக்காளி மஞ்சளானது, கத்தரி தலை தொங்கியது. காங்கோங் மட்டும் எனக்கு எதிராக வேலை செய்தது. அதற்குத் தண்ணீர் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. அதைப் பறித்துப் பெலாச்சான் இறால் விழுது போட்டு வதக்கி எங்களுக்கே ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினார். ருசியாகத்தான் இருந்தது.

பிறகு அவர் நாள்காட்டியில் குறிக்க ஆரம்பித்தார். தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி. தண்ணீர் ஊற்றியதும் அன்றைய தாளில் பென்சிலால் ஒரு சரி போடுவார். "நல்ல யோசனை அங்கிள்," என்றேன். மனதாரச் சொன்னேன். ஒரு புதன்கிழமை மாலை அம்மா கொடுத்த தோசையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தட்டைக் கழுவ உள்ளே போனபோது அன்றைய தாளைக் கிழித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அவர் செடிகளில் ஒரு இலையைக்கூட நான் தொட்டதில்லை, அக்கா. தாள் மட்டும்தான். மொத்தம் ஐந்து.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஒரு தாள் கிழித்திருக்கிறார். நாள்காட்டி வெள்ளிக்கிழமை என்றது. குளித்து, வேட்டி கட்டி, அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போய் நின்றார். வியாழக்கிழமை. பூசாரி சிரித்தார் என்று அவரே உங்களுக்குப் போன் செய்து சொன்னார் அல்லவா? நீங்கள் கிள்ளானிலிருந்து ஓடி வந்தது அதற்குத்தான்.

நீங்கள் வந்து போன இரவு அம்மா சொன்னார்.

"அந்தக் கன்னு நம்மளுதுடா. லோரி வர்றதுக்கு முந்தின நாள் அவரே வந்து, சட்டம் சட்டம்தான், ஆனா பக்கக்கன்ன மட்டும் நான் எடுத்து வச்சிக்கிறேன், தெம்பா வளந்ததும் தர்றேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடி அவரு கீரகூட வளத்தது கெடையாது."

"ஏம்மா இத எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எழுதி வச்சிருவ."

நிறுத்துவதென்றால் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேட்காமல் இருந்தால் போதும். அன்றிரவு அப்படித்தான் முடிவு செய்தேன். மறுநாள் மாலை படியேறும்போது வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். அவர் கதவருகில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நான் இன்னிக்கு ஊத்தினேனா? நீ சொன்னா சரியா இருக்கும்."

அவருக்குப் பின்னால் கன்று தெரிந்தது. தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை அங்கிள்," என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால் அதுவரை செய்ததெல்லாம் அர்த்தமில்லாமல் போயிருக்கும். அப்போது அது நியாயமாகப் பட்டது. அதன் பிறகு பதினாறு நாள் அவர் கேட்டார். பதினாறு நாளும் அதே பதிலைச் சொன்னேன்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் கன்று முழுவதும் உதிர்ந்து குச்சியானது. அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"நம்பிக் குடுத்தீங்கம்மா. எனக்குப் புத்தி சரியில்ல. காலையில செஞ்சது சாயந்தரம் தெரிய மாட்டேங்குது. மன்னிச்சிருங்க."

அம்மா அவரை உட்கார வைத்து டீ கொடுத்தார். "செடிதான அங்கிள், போனா போகுது. ஒடம்பப் பாருங்க," என்றார். நான் என் அறையில் இருந்தேன். அந்த வாரமே நீங்கள் அவரைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனீர்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் அப்பாவுக்கு மறதி எப்போதுமே இருந்ததில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் போகும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டு போங்கள். ஐந்து தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் சரி போட்டிருக்கும். நீங்கள் போனில் சொன்ன முதியோர் இல்லத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டையும் விற்க வேண்டாம். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் நம்புவார்.

தொட்டி இப்போது எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. அழுகிய வேரை வெட்டிவிட்டு மண் மாற்றினேன். போன வாரம் குச்சிக்குப் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு துளிர் வந்தது. அரிசியளவுதான் இருக்கும். நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், வேறு யாரையும் விடுவதில்லை. எவ்வளவு, எப்போது, எல்லாம் எனக்குத் தெரியும்.

இன்று காலை ஊற்றினேனா என்பதுதான் நினைவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம். அது மேல் ஈரமாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்க்க அம்மாவும் இல்லை, பாசாருக்குப் போயிருந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலருகில் குனிந்து, மெதுவாக அந்தத் துளிரிடமே கேட்டேன்.