சாந்தகுமாரியின் முதல் மடக்கு

— ...மூக்கைக் கிட்ட கொண்டு போனாப் போதும் சாந்தா, உடனே வாயில ஊத்திக்காத. என்ன வாசம் வருதுன்னு சொல்லு.

— ஏனுங்க, ஞாயித்துக்கிழமை பட்டப்பகல்ல, கட்டுன பொண்டாட்டிக்குச் சாராயம் ஊத்திக் குடுக்கற ஆளு இந்த டெல்லி முனிர்காவுல நீங்க ஒருத்தருதானுங்க.

— சாராயம் இல்ல, ஒயின். பிரான்ஸுல ரோன்னு ஒரு ஆறு, அந்தக் கரையில வெளையற திராட்சை. இருபத்தாறு வருசமா பிரெஞ்சுக்கார மேடம் பங்களாவுல விருந்தாளிகளுக்கு இதைத்தான் ஊத்திக் குடுத்தேன். ரிட்டயர் ஆகறப்ப மேடம் குடுத்த பாட்டில். ஒரு வாய் குடிச்சா என்ன கெட்டுப் போச்சு?

— எங்கய்யன் கேள்விப்பட்டா காங்கயத்துல இருந்து ரயிலேறி வந்துருவாரு.

— மாமன் வந்து சேர ரெண்டு நாள் ஆகும். ஜல்தி, சொல்லு.

— ம்ம்... நாவப்பழமுங்க. நல்லாக் கனிஞ்சு, கீழ விழுந்து மண்ணு ஒட்டுன நாவப்பழம்.

— அச்சா. அப்புறம்?

— தொரத்தாதீங்க, இருங்க. மிளகு. இடிச்சது இல்ல, முழுசா வறுக்கறப்ப வருமே, அது. அடியில கொஞ்சம் பொகை.

— இப்பக் குடி. முழுங்கிராம வாய்க்குள்ள சுத்த விடு.

— ஐயோ, துவர்க்குதுங்க! நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குச்சு. இதையா அத்தனை பெரிய மனுசங்க சிரிச்சுச் சிரிச்சுக் குடிச்சாங்க?

— வெறும் வாயில அப்படித்தான். பள்ளிபாளையம் சிக்கன்ல ஒரு துண்டு மென்னுட்டு, மறுபடி ஒரு மடக்கு.

— ...வேண்டாமுங்க! வரமிளகாயும் இதுவும் சேர்ந்து வாயி பத்தி எரியுது. பங்காளிச் சண்டையாட்டம் ஒண்ணையொண்ணு வுடமாட்டேங்குது. தண்ணி குடுங்க.

— இந்தா. இரு, எழுதிக்கறேன்... பங்காளிச் சண்டை. இப்ப ஆட்டுக்கறி மிளகு வறுவல். கொழுப்போட இருக்கற துண்டா எடு.

— ம்ம்.

— என்ன?

— ஏனுங்க... துவர்ப்பு எங்கீங்க போச்சு?

— நீதான் சொல்லோணும்.

— நாக்குல படிஞ்ச கொழுப்பை இது வழிச்சுட்டுப் போகுதுங்க. வாயி சுத்தமாகி இன்னொரு துண்டு கேக்குது. பழவாசமே இப்பத்தான் மேல வருது. அடடா! இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, கத்திரிக்காயச் சுட்டுக் கடைஞ்சதையும் பாத்தரலாம்.

— காங்கயத்துல இருந்து மாமன் வருவாருன்னே?

— வரட்டும், அவருக்கும் ஊத்துங்க. ம்... கத்திரிக்காயும் ஒத்துப் போகுதுங்க. சுட்ட தோலு வாசமும் இதுல இருக்கற பொகையும் அக்கா தங்கச்சியாட்டம். ஆமா, இதையெல்லாம் எழுதி என்ன பண்ணப் போறீங்க?

— மேடம் இங்க பக்கத்துல ஹௌஸ் காஸ் ஏரியாவுல ஹோட்டல் தொறக்கறாங்கல்ல? நம்மூர்ச் சாப்பாட்டோட அவங்க ஊர் ஒயின். எதுக்கு எது சேரும்னு ருசிச்சுச் சொல்ல ஒரு ஆள் தேடறாங்க.

— அதான் உங்களுக்குத் தலைகீழாத் தெரியுமே! என்னை எதுக்குக் கேக்கறீங்க? நீங்க ஒரு வாயி குடிங்க. நாஞ் சொன்னது சரியான்னு பாக்கலாம்.

— புளிப்புத் தெரியுது. துவர்ப்புத் தெரியுது. அவ்வளவுதான்.

— வாசம்?

— இல்ல சாந்தா. தொண்ணூத்தஞ்சுல ரிங் ரோட்டுல ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து, மண்டையில தையல் போட்டாங்களே. அன்னைக்குப் போன வாசம், எட்டு வருசமாத் திரும்பலை.

— எட்டு வருசமா! பின்ன எப்படீங்க வேலை பாத்தீங்க?

— பழைய பாடத்தையே ஒப்பிச்சேன். விருந்தாளி மூஞ்சியப் பாத்துக் கூடக் கொறைச்சுச் சொல்லுவேன். குழந்தைசாமி சொன்னாச் சரியா இருக்கும்னு அவங்களும் நம்புனாங்க. தெரிஞ்சா வேலை போயிருமோன்னு பயம். உங்கிட்டச் சொன்னா நீ அழுவியேன்னு பயம்.

— அழுவாம? நான் வெக்கற ரசம், கருவேப்பிலை தாளிக்கறது... ஒண்ணுமேவா தெரியலை?

— உப்பு, புளி, காரம் தெரியும். மத்ததை உன்ற மூஞ்சியில பாத்துக்குவேன். பதமா வந்திருந்தா உன்ற மூக்கு நுனி வெடைக்கும்.

— போங்க நீங்க... கண்ணுல தண்ணி வர வெச்சுட்டு. மேடத்துகிட்ட என்ன சொல்லப் போறீங்க? அங்கயும் போயி ஒப்பிக்கறதா?

— வியாழக்கிழமையே உண்மையைச் சொல்லிட்டேன்.

— அடக் கடவுளே. வேலை இல்லேன்னுட்டாங்ளா?

— எனக்கு இல்ல. ஆனா, பருப்பு டப்பாவைத் தொறக்கறதுக்கு முன்னாலயே உள்ள வண்டு விழுந்திருக்குன்னு சொல்ற ஒருத்தி எங்க வீட்டுல இருக்கான்னு சொன்னேன். உடனே இந்த பாட்டிலை எடுத்துக் குடுத்தாங்க. ரிட்டயர்மெண்டுப் பரிசுன்னு உங்கிட்டச் சொன்னது பொய், மன்னிச்சுக்க. உனக்குச் சம்மதம்னா, நீ சொன்னதையெல்லாம் எழுதுன இந்தக் காகிதத்தோட நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க அம்மிணி, உன்னை.