வடகரை வளைவு

நீர்த்தேக்கத்தைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவர எனக்கு இரண்டு மணி ஆறு நிமிடம் ஆகும். மொத்தம் இருபத்து நான்கு கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரைதான். புல்வெளி, பழத்தோட்டம், இடுப்பளவுக் கல்வேலிகள். வடகரையில் மட்டும் ஒரு மேடு. புதிதாக ஓட்டிப் பழகுகிறவர்களுக்கும் நான் அந்தப் பாதையைத்தான் சொல்வேன்.

எனக்குச் சத்தமாகப் பேச வராது மேடம். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், திருப்பிச் சொல்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். பல் டாக்டர் தடுப்புக் கழியை மதிக்காமல் பாலத்தில் ஏறி விழுந்து இறந்தார், அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடப்போகிறீர்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. நான் இயற்பியல் படித்தவள். ஒரு பதிவு தவறாக இருப்பது தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அணை அலுவலகத்தில் சைக்கிள் பாதையைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பாதையில் ஐம்பத்திரண்டு பலகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி. பாதை குறுகல் என்பதால் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். வெயில் மாதங்களில் தண்ணீர் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும், மழை மாதங்களில் இடது கைப்பக்கம். வடகரை மேடு ஈரத்தில் வழுக்கும். ஈரத்தில் அதில் ஏறலாம், இறங்கக் கூடாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. மாறும் தேதியை வாசலில் அறிவிப்பாக ஒட்டிவிட்டு, அந்தத் தேதிக்கு முன்பே பலகைகளைத் திருப்பிவிட வேண்டும். பலகைக்கு ஒரு திருகு. கையில் ஒரு சாவி. மூன்று மணி நேர வேலை.

என் தங்கைக்குப் பத்தொன்பது வயது. எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். வாசலில் ஒட்டும் அறிவிப்பைப் படி என்றால் படிக்க மாட்டாள்.

"நோட்டீசெல்லாம் யாருக்கா படிப்பா? அம்பு எங்க காட்டுதோ அங்க போவேன். நீ வாயத் தொறந்து பேசாததையெல்லாம் அந்த அம்புதான பேசுது."

பல் டாக்டரை அவள் கொறடு மாமா என்பாள். அது அவருக்கும் தெரியும். சனிக்கிழமைதோறும் விடிந்ததும் வந்துவிடுவார். மேட்டில் திணறுகிறவர்களைப் பார்த்து, "பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறுங்க, உடைஞ்சா நான் இருக்கேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தின் முதல் நாள் ஒரு சனிக்கிழமை. தூறலாக இருந்ததால் டாக்டரையும் தங்கையையும் தவிர வேறு யாரும் வரவில்லை. அவர் புதிய திசையில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் பழைய திசையில் இறங்கி வந்தாள். வளைவில் மோதிக்கொண்டார்கள். அவள் கல்வேலியில் போய் விழுந்தாள். வடகரையில் போன் எடுக்காது. அவர் அவளை அங்கேயே படுக்க வைத்துவிட்டுத் தன் சுற்றைத் தொடர்ந்தார்.

அவருடைய சைக்கிளில் நேரத்தையும் தூரத்தையும் குறிக்கும் கருவி உண்டு. அதன் பதிவை எல்லோரும் இணையத்தில் பார்க்கலாம், என்னிடமும் இருக்கிறது. வளைவில் மூன்று நிமிடம் நின்றிருக்கிறார். பிறகு பதின்மூன்று கிலோமீட்டரை முப்பத்தெட்டு நிமிடத்தில் ஓட்டி அணை அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். அந்தத் தூரத்தை அவர் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓட்டியதே இல்லை. ஒரு பெண் அடிபட்டுக் கிடக்கும்போது தன் சாதனையை முறியடித்திருக்கிறார். உதவி கேட்கத்தான் போனேன் என்றார். வந்த வழியே திரும்பினால் பதினொரு கிலோமீட்டர்தானே என்றால், ஈரத்தில் அந்த இறக்கம் ஆபத்து என்றார். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது என்றும் சொன்னார்கள். மணிக்கட்டு முறிந்தவரால் அப்படி ஓட்ட முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

தங்கை பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அம்மா மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

பலகையைப் பார்க்காமல் எதிர்த்திசையில் வந்ததால் ஏற்பட்ட விபத்து என்று அறிக்கை தயாரானது. தட்டச்சு செய்தது நான்தான். விசாரணையில் டாக்டர், "யார் மேலயும் தப்பு இல்லைங்க, மழை" என்று சொன்னதோடு சரி. வேறு எதற்கும் வாயைத் திறக்கவில்லை. மனசாட்சி உறுத்தாதவர் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

மூன்று மாதம் அவர் வரவில்லை. அதன் பிறகு பழையபடி வரத் தொடங்கினார். ஒவ்வொரு வாரமும் அந்த வளைவில் ஒரு நிமிடம் நிற்பதாகக் கருவியின் பதிவு காட்டியது. மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் எனக்குப் போன் செய்வார்.

"நாளைக்குப் பாதை எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு டாக்டர்."

"சாப்டியா? அம்மா எப்படி இருக்காங்க?"

இப்படிக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், இல்லையா?

இந்த மாதம் வாய்க்கால் மரப்பாலத்தில் வேலை நடக்கிறது. வெள்ளிக்கிழமை தச்சர் நடுவில் நான்கு பலகைகளைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய கழிகளை வைத்துவிட்டுப் போனார். கீழே தண்ணீர் இல்லை, கல் மட்டும்தான். அங்கேயும் போன் எடுக்காது. அங்கேயும் ஒரு வளைவு, திரும்பியதும் பாலம். பாலம் கண்ணில் படுவதற்கும் பள்ளத்துக்கும் இடையே ஒன்பது மீட்டர். அவர் வரும் வேகத்தில் சைக்கிள் நிற்பதற்குப் பதினான்கு மீட்டர் வேண்டும். நான் இரண்டு முறை அளந்தேன். அன்று மாலையும் அவர் போன் செய்தார். பாதை நன்றாக இருக்கிறது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வரும் பக்கத்துக் கழியை எடுத்து நாணலுக்குள் வைத்துவிட்டு, மேலே புல்லில் உட்கார்ந்தேன். ஆறு இருபத்தேழுக்கு வந்தார். பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. நல்ல பிரேக்தான்.

முதலில் பொதுவாக, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். பிறகு என் பச்சை மழைக்கோட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"நீயாம்மா? நல்ல வேளை, வந்துட்ட. கால அசைக்க முடியல. மெதுவா இறங்கி வா, வழுக்கப் போகுது."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் எழுந்து வரவில்லை என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னார். இந்த வழக்குக்கு அது தேவைப்படாது. விழுந்ததிலிருந்து இருபத்தேழாவது நிமிடத்துக்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. நான் நாற்பத்தொரு நிமிடம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்தால் அளவு தப்பிவிடும். பிறகு கழியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் அவருடைய மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது போய்ப் பாத்தியேம்மா" என்றார். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

அவர் சொன்னது என்ன என்று கேட்கிறீர்கள்.

"பலகையப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. நீ பயப்படாத."

எந்தப் பலகை என்கிறீர்கள். மேட்டிலும் அதற்குப் பிறகு அந்தப் பதின்மூன்று கிலோமீட்டரிலும் அவர் பார்த்துக்கொண்டே வந்த பலகைகள். அவர் வாசல் அறிவிப்பைப் படித்து அதன்படி ஓட்டுகிறவர். தங்கை அம்பைப் பார்த்து ஓட்டுகிறவள். விபத்துக்கு முந்தின நாள் மாலையே பதிவேட்டில் எழுதிவிட்டேன், ஐம்பத்திரண்டும் திருப்பியாயிற்று என்று. தூறல் பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியை மேசை இழுப்பறையில் போட்டேன்.

அம்மா இன்னும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "நீ ஏன்டி கூட வரல? அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டுக்கிட்டே போனாளே." இதுவரை நான் பதில் சொன்னதில்லை.

எழுதுகிறவருக்குக் கேட்கவில்லையா? சத்தமாகச் சொல்கிறேன்.

என் தங்கையை ஆம்புலன்சில் கொண்டு போனபோது, நான் பலகைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.