மூணாம் பக்கத்தில் செத்துப்போன தங்கச்சி

“‘ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு அக்கா, அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி’ன்னு நல்லாத்தானே ஆரம்பிச்சிருக்கே! அப்புறம் எதுக்கும்மா மூணாம் பக்கத்துலயே அவளைக் கொன்னே?”

பிடித்துக்கொண்டார் டிரில் டீச்சர். கையில் கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தது, வாய்க்கு ஓய்வில்லை. எதிரே ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு, புற்றுநோய் வார்டில் இருப்பவர்களின் வாழ்க்கைக் கதையைக் கேட்டுச் சின்னப் புத்தகமாக்கித் தருவதுதான் வேலை. மனசு லேசாகுமாம்.

“என்ன முழிக்கிறே? நான்தான் சொன்னேனா? சொல்வேன்! ஊசியைக் குத்தி நாலு மணி நேரம் உட்கார வெச்சு, ‘கூடப்பிறந்தவங்க?’ன்னு கேட்டே. ஒரு தங்கச்சி, செத்துட்டான்னேன். அதோட நீ விடுவேன்னு பார்த்தா, ‘எப்படி?’ங்கிறே. மஞ்சக்காமாலைன்னேன். ‘அப்போ உங்க மனசு எப்படி இருந்துச்சு?’ங்கிறே... அய்யோ, அழுதே தொலைச்சேன்! நீயும் அழுதே. உயிரோட இருக்கிறவளுக்காக ரெண்டு பேருமா ஒரு டப்பா டிஷ்யூவைக் காலி பண்ணினோம்!”

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார்.

“நீங்க உங்க பாட்டிலைப் பாருங்க சார்... அதோட விட்டியா? அவ பேரைச் சுத்திக் கறுப்புக் கட்டம் வேற. என் மகன் இருக்கானே, பெரிய அறிவாளி, படிச்சுக்கூடப் பார்க்காம பக்கம் பக்கமா போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்புல போட்டுட்டான். பன்னெண்டு வருஷமா பேசாதவ, விடிஞ்சதும் அவனுக்குப் போன். ‘நான் எப்போடா செத்தேன், யாருமே சொல்லலையே?’ன்னு கேட்டாளாம். சிரிப்பு தாங்கலை எனக்கு. வாயெல்லாம் புண்ணு, சிரிச்சா எரியுது.

“எதுக்குப் பேசலையா? அவ மக கல்யாணத்துல குடும்ப போட்டோ எடுத்தாங்க. முப்பத்தேழு தலை. என் தலை இல்லை! இப்பவும் தலையில ஒண்ணும் இல்லைதான், அது வேற விஷயம்...

“கூப்பிடலையாவா? ம்... கூப்பிட்டா. மூணு தடவை கூப்பிட்டா. அன்னிக்குக் காலையில பந்தி கவனிக்கப் போனவளை, ‘நீ சும்மா உட்காருக்கா’ன்னுட்டா. வந்துதே ரோஷம்! நாற்காலி அடுக்கற ரூம்ல கதவைச் சாத்திட்டு உட்கார்ந்துட்டேன். தேடிட்டு வரட்டும்னு. இன்னொரு தடவை கூப்பிட்டா எழுந்திருக்கலாம்னுதான் இருந்தேன்... அதுக்குள்ள எடுத்து முடிச்சுட்டாங்க. முப்பது வருஷம் விசில் ஊதி ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் வரிசையில நிறுத்தினவ, நான் போய் ஒரு வரிசையில நிக்கலை பாரு.

“இதை எழுதிக்காதே. ...சரி, எழுதிக்கோ.

“அதோ, கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட, தண்ணி மெஷின் பக்கத்துல, பச்சைப் பையோட உட்கார்ந்திருக்காளே, அவதான் செத்துப்போனவ. பத்து மணிக்கே வந்துட்டா. ‘அக்கா கூப்பிட்டாத்தான் உள்ளே வருவேன்’னு என் மகன்கிட்ட சொல்லியனுப்பியிருக்கா. திமிரைப் பாரு! நானா கூப்பிடுவேன்? நோயாளி நானா, அவளா?

“என்ன... பையை எடுக்கிறா? தோள்ல மாட்டிட்டா. ஏம்மா, அவ கிளம்பறா! எனக்குக் கையில ஊசி, தொண்டையும் புண்ணு, கத்தக்கூட வராது. உன்னைத்தான்! ரெக்கார்டரைக் கீழே வை. போய் அக்கா கூப்பிட்டான்னு சொல்லு!”

அந்தப் பெண் எழுந்து நடந்தாள்.

“நடக்கிறியே... ஓடும்மா!”

அவள் ஓடினாள்.