மேற்கு வரப்புக்கு ஒரு புடவை

மரக்காணம் பஸ் உப்பளத்தைத் தாண்டியதும், முன்சீட்டில் இருந்த பெண் கணவரைக் கேட்டார்:

"என் அழுக்குப் புடவைய வயல்ல கட்டி வச்சிருக்கியாமே?"

"காட்டுப்பன்னி வேர்க்கடலையைத் தோண்டுது. நீ உங்கம்மா வூட்டுக்குப் போனப்போ, தொவச்ச புடவையைத்தான் வேலியா கட்டுனேன். பன்னி மதிக்கல. மனுஷ வாசனை இருந்தாதான் பயப்படுமாம்."

"உன் லுங்கிய கட்டறதுதானே?"

"கட்டினேனே. அதைக் கிழிச்சிட்டு உள்ள வந்து பாதி கடலையைத் தின்னுட்டுப் போயிடுச்சு."

"என் அழுக்குப் புடவைய?"

"கிட்டயே வரல. உனக்கு நான் மட்டும்தான் பயப்படறேன்னு நெனச்சிருந்தேன்."

அவர் கணவரின் தோளில் ஓர் அடி போட்டார். "மேற்கு வரப்புல?"

"இன்னும் ஒண்ணும் கட்டல."

இறங்க எழுந்தவர், உடுத்தியிருந்த புடவையைத் தொட்டுக் காட்டினார். "இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். இதைத் தொவைக்காம தரேன். அங்க கட்டு."