வெள்ளையில் மைனஸ்

— சாப்பிடும்போதாவது அந்த மீட்டரைக் கீழே வைக்கலாம்ல?

— வைக்கிறேன். இன்னிக்கு அதுல ஏதோ கோளாறு.

— அடடா. கண்ணாடிக்காரர் பதறிப் போயிருப்பாரே.

— அவரு சூப்பர்வைசருங்க.

— எனக்குக் கண்ணாடிக்காரர்தான். அவரு வர்றதுக்கு முன்னாடி, மெஷின்லேருந்து நான் தாளை உருவினா நீ முதல்ல என் முகத்தைப் பார்ப்ப. அச்சு சரியா விழுந்திருக்கான்னு கட்டின புருஷன் முகத்துலயே தெரியுதும்ப. இப்ப அவரு குடுத்த அந்த எலிக்குட்டி மீட்டரைத் தாள் மேல வச்சு அமுக்குற. ஒரு நம்பரைச் சொல்ற. அவரு சிரிக்கிறாரு. நீயும் சிரிக்கிற.

— மை எவ்வளவு அடர்த்தியா விழுந்திருக்குன்னு சொல்ற நம்பர் அது. அதுல என்ன இருக்கு?

— அதைத்தான் நானும் கேட்கிறேன்.

— காலையில மஞ்சள் குறையுதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க மையைக் கூட்டவே இல்ல.

— மஞ்சள் சரியாத்தான் இருந்துச்சு.

— எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. அதான் கொஞ்சம் முன்னாடி, அச்சே விழாத வெள்ளைத் தாள்ல வச்சுப் பார்த்தேன். மைனஸ் காட்டுது.

— காட்டும். மெஷின்தானே.

— வெள்ளையில மைனஸ் எப்படிங்க வரும்? அதைவிட மங்கலான தாளைக் காட்டி, இதுதான் பூஜ்யம்னு யாரோ இதுக்குச் சொல்லி வச்சிருக்கணும்.

— தண்ணி குடு.

— இன்னிக்கு மங்கலான கிரீம் கலர் தாள்ல வேலையே இல்ல. உங்க மெஷின் மேல மட்டும் ஒரு கிரீம் தாள் கிடக்கு.

— சரி, நான்தான். தப்பா அளக்குறன்னு அவரு உன்னை நாலு வார்த்தை கேட்கட்டும், மீட்டரைத் திருப்பி வாங்கிக்கட்டும்னு நினைச்சேன். நீ பழையபடி என் முகத்தைப் பார்ப்பன்னு நினைச்சேன். போதுமா? ரொம்பத் திட்டினாரா?

— என்னை எதுக்குத் திட்டணும்?

— தப்பா அளந்ததுக்கு.

— அவருக்கு மாத்தல் வந்திருக்கு. அந்த இடத்துக்கு உங்களைச் சொன்னேன். வெறும் கண்ணை வச்சு வேலை பார்க்கிற ஆளாச்சேன்னாரு. அளந்து பாருங்கன்னேன். ஒவ்வொரு தடவையும் நம்பர் சரியா வந்ததுக்குத்தான் சிரிச்சோம். இன்னிக்கு மஞ்சளோட நம்பரைப் பார்த்துட்டு, சொல்லியும் கூட்டலையேன்னு வேற ஆள் பேரைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டாரு.

— எந்த ஆளு? நீ என்ன சொல்ற?

— இத்தனை நாளா நான் இதை வச்சு அளந்தது உங்க கண்ணைத்தாங்க.